சக்கரமும் சாலையும் – 11: பின்னால் முப்பது மில்லிமீட்டர்

செங்கல்பட்டை நெருங்கும்போது, பரனூர் ரயில் நிலையத்தை ஒட்டி மகிந்திரா வேர்ல்ட் சிட்டி இருக்கிறது. அதற்குள் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை 2007 மார்ச்சில் திறக்கப்பட்டது. அங்கே முதலில் உருவானவற்றில் ஒன்று 3 சீரிஸ். அந்தக் காரின் ஸ்போர்ட் வகைகள் பலவற்றில் முன் டயரின் பக்கச் சுவரில் 225/45 ஆர்18 என்றும், பின் டயரில் 255/40 ஆர்18 என்றும் அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். முன்னால் 225, பின்னால் 255. இந்த 30 மில்லிமீட்டர் எதற்காக?

டயர் கடையில் இந்தக் கேள்வி வேறு மாதிரி வரும். “அண்ணே, பின்னாடி மட்டும் இன்னும் ஒரு சைஸ் ஏத்திப் போடலாமா?” கேட்பவர் மனதில் இருப்பது காரின் பின்புறத் தோற்றம். கடைக்காரரும் ரிம்மில் உட்காருமா, மட்கார்டில் உரசுமா என்று பார்த்துவிட்டுப் போட்டுக் கொடுக்கிறார். முன் டயர் என்ன அளவு என்று இருவருமே பேசுவதில்லை. எனக்கு இதில்தான் வருத்தம். பின் டயரின் அகலத்தைத் தனியாகத் தீர்மானிக்க முடியாது. முன் டயரோடு அதற்குள்ள உறவுதான் வளைவில் காரின் குணத்தை முடிவு செய்கிறது.

அகல டயர் தரையை அதிகப் பரப்பில் பிடிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. சக்கரம் சுமக்கும் எடையை உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தால் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய வந்துவிடும். எடையும் அழுத்தமும் மாறாவிட்டால் பரப்பும் பெரிதாக மாறாது. மாறுவது அதன் வடிவம். நீளவாக்கில் சுருங்கி, குறுக்குவாக்கில் விரிகிறது.

அந்த வடிவ மாற்றத்தில்தான் லாபம் இருக்கிறது. பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரைத் தாளில் அழுத்திப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். வழுக்குவதற்கு முன் அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். டயரும் வளைவில் அப்படித்தான் முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையே சில டிகிரி விலகல் விழுகிறது. அதே பக்கவாட்டு விசைக்கு அகல டயரில் அந்த விலகல் குறைவு. பின் டயரின் விலகல் முன் டயருடையதைவிடக் குறைவாக இருந்தால், கார் ஸ்டீயரிங் கேட்டதைவிடக் குறைவாகத் திரும்பி வளைவின் வெளிப்பக்கம் நோக்கிப் போகப் பார்க்கும். பின் டயரின் விலகல் அதிகமானால் வால் வெளியே வரும்.

சாலைக் கார் செய்பவர்கள் முதல் குணத்தையே விரும்பித் தேர்கிறார்கள். வளைவில் பயந்துபோன எவரும் முதலில் செய்வது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. காலை எடுத்ததும் எடை முன்னால் சாய்ந்து முன் டயருக்குப் பிடி கூடுகிறது, கார் மறுபடி வளைவுக்குள் வருகிறது. வால் விலகும் காரில் அதே காரியம் பின் டயரின் பிடியை இன்னும் குறைத்து, காரைச் சுழற்றி விடும். பின் சக்கரத்தைத் தள்ளும் இன்ஜினின் விசையையும், பக்கவாட்டுப் பிடியையும் ஒரே டயர் சேர்த்துச் சமாளிக்க வேண்டியிருக்கும் காருக்கு அந்த 30 மி.மீ. ஒரு காப்பு.

இதை உலகுக்குத் தெளிவாகக் காட்டிய கார் போர்ஷே 911. நம் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது 911இன் பந்தய வடிவத்தில்தான். இதன் இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. எடையில் 60 சதவீதத்துக்கு மேல் பின் சக்கரங்கள் சுமக்கின்றன. ஒரு டயரின் மேல் எடை இரட்டிப்பானாலும் பிடி இரட்டிப்பாவதில்லை. அதனால் வளைவில் வால் முந்திக்கொள்ளும் பழக்கம் தொடக்ககால 911களுக்கு இருந்தது. 1973ஆம் ஆண்டு மாடலான கரேரா ஆர்.எஸ். 2.7இல் முன்னால் 185, பின்னால் 215 என்று முதல்முறையாக வெவ்வேறு அகலங்கள் வந்தன. அங்கேயும் வித்தியாசம் 30தான். சமீபத்திய 992 கரேராவில் அது 235க்கும் 295க்குமாக வளர்ந்துவிட்டது. எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதியாக இருக்கும் 3 சீரிஸுக்கு இவ்வளவு தேவையில்லை.

நேர் எதிரான பாதையில் போனவர் டொயோட்டாவின் பொறியாளர் தெட்சுயா தாதா. 2012இல் வந்த ஜிடி86இல் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே 215 டயர். ப்ரியஸ் போன்ற குடும்பக் காருக்கும் பொருந்தும் ரகம். பிடியின் எல்லை சீக்கிரம் வர வேண்டும், மிதமான வேகத்திலேயே ஓட்டுநர் அந்த எல்லையை உணர வேண்டும் என்பது அவர் எண்ணம். அகலம்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்று நம்புபவர்கள் அந்தக் காரை ஒரு முறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பின் டயரை மட்டும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. இரண்டாவது எண், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 225/45 ஆர்18 டயரின் மொத்த உயரம் 659.7 மி.மீ. 255/40 ஆர்18இன் உயரம் 661.2. வித்தியாசம் ஒன்றரை மி.மீ.தான். முன்னால் 45 இருக்கிறதே என்று பின்னாலும் 255/45 போட்டால் உயரம் 686.7 ஆகிவிடும். முன் டயரைவிட 27 மி.மீ. அதிகம், கிட்டத்தட்ட 4 சதவீதம். நான்கு சக்கரங்களின் சுழற்சி வேகத்தையும் ஒப்பிட்டு வேலை செய்யும் ஏ.பி.எஸ்.ஸும் சறுக்கல் கட்டுப்பாடும் இதனால் குழம்பும். நான்கு சக்கரமும் இழுக்கும் வகையானால் இடையிலிருக்கும் பற்சக்கரப் பெட்டி ஓயாமல் திணறும். ரிம்மும் ஒத்துவர வேண்டும். 255/40க்குக் குறைந்தது எட்டரை அங்குல ரிம் தேவை.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வரும் சாலையில், காய்ந்த நாளில், அளவுக்கு மீறிய பின் டயர் போட்ட கார் ஓட்டுபவருக்கு நன்றாக ஓடுவதாகவே தோன்றும். வால் அசையாது. ‘தண்டவாளத்தில் போகிற மாதிரி இருக்கு’ என்பார். திரும்ப மறுப்பது முன்பக்கம் என்பதால் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிப் பழகிவிடுவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலைமை தலைகீழாகும்.

1963இல் நாசாவின் வால்ட்டர் ஹார்னும் ராபர்ட் டிரெஹரும் விமான டயர்களை வைத்து ஒரு விதி சொன்னார்கள். தேங்கிய நீரின் மேல் டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பது காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்த விதிப்படி 36 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் மணிக்கு 100 கி.மீ., 25இல் 83 கி.மீ. கார் டயருக்கு இது தோராயம்தான். டயர் அகலமாகி, தரைப்பரப்பு நீளத்தில் குறுகக் குறுக நீரைப் பக்கவாட்டில் வெளியேற்றும் தூரம் கூடும், மிதப்பு இன்னும் முன்னதாகவே வரும். முன் டயர் தரையில் இருக்கும்போது பின் டயர் மிதந்தால், காய்ந்த நாளில் அசையாத அதே வால் முன்னறிவிப்பின்றி விலகும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால் டயர்களை இடம் மாற்றிப் போட முடியாது. இழுக்கும் சக்கரம் பின்னால் இருப்பதால் தேய்வதும் பின்னால்தான் அதிகம். ஆகவே மழை தொடங்கும்போது மிக அகலமான டயரே மிக வழுக்கையான டயராகவும் இருக்கும். 1.6 மி.மீ. என்ற தேய்மான அடையாளம் சட்டத்தின் கடைசி எல்லை. அகல டயருக்கு மழையில் அது போதாது. பள்ளம் 3 மி.மீ.க்கு இறங்கியதுமே பின் ஜோடியை மாற்றிவிடுங்கள். மாற்றும்போது, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவையும் அழுத்தத்தையும் கடைக்காரரிடம் காட்டி, அதையே கேட்டு வாங்குங்கள்.