குருதி கூறும் இருதயச் செய்தி

மாரடைப்பிலிருந்து உயிர் தப்பி ஒருவர் வீடு திரும்பினால், "கண்டம் கழிந்தது" என்று நாம் ஆறுதல் கொள்கின்றோம். வைத்தியர் மனத்திலோ வேறொரு வினா நிற்கின்றது: எஞ்சிய இருதயம் இனி எவ்வளவு வேலை செய்யும்? இதற்கு விடை காண்பதிற் சில துளிக் குருதி பெருந்துணை புரிகின்றது என்பது வியப்பிற்குரியதன்றோ?

இருதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடி அடைபட்டால், அத்தசையின் ஒரு பகுதி மடிகின்றது. மடியும் கலங்கள் தம்முள் இருந்த பொருள்களைக் குருதியிற் கசியவிடுகின்றன. அத்தகைய நொதியம் ஒன்றை நியூயோர்க் வைத்தியர்கள் 1954ஆம் ஆண்டில் அளந்து காட்டினர். ஆயின், அது ஈரலிலும் உண்டாதலால் மயக்கம் நேர்ந்தது. இன்று அளக்கப்படுவது ட்ரோபோனின் என்னும் புரதம். இருதயத் தசைக்கே உரிய வடிவம் அதற்கு உண்டு. அதன் உச்ச அளவு உயர உயர, மடிந்த தசையும் மிகுதி எனப் பொதுவாக ஊகிக்கலாம்.

இழந்தது எவ்வளவு என்பதை ட்ரோபோனின் உணர்த்த, எஞ்சியது எவ்வளவு இடர்ப்படுகின்றது என்பதை உணர்த்துவது பி.என்.பி. என்னும் ஓமோன். 1988இல் ஜப்பானிய அறிஞர்கள் இதனைப் பன்றியின் மூளையிற் கண்டெடுத்தனர். இருதயத்தின் கீழறைகளே இதன் முதன்மையான பிறப்பிடம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பாரம் மிகுந்து அறைச்சுவர் விரியும்போது இது பெருகிச் சுரக்கின்றது; சிறுநீரகத்தின் வழியே உப்பையும் நீரையும் வெளியேற்றி அப்பாரத்தைக் குறைக்க முயல்கின்றது. மாரடைப்பின் பின் சில நாட்களாகியும் இதன் அளவு உயர்ந்தே நிற்பின், இருதயம் தளர்வுறும் அபாயம் மிகுதி என வைத்தியர் கொள்வர்.

எனினும், இப்பரிசோதனை சோதிடம் அன்று. சிறுநீரக நோயும் முதுமையும் இவ்வளவுகளை உயர்த்தக்கூடும், உடற்பருமன் பி.என்.பி.யைத் தாழ்த்தக்கூடும். ஆதலின் எக்கோ பரிசோதனையும் வேண்டும். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னகத்துள்ள குருதியில் எத்தனை பங்கை வெளித்தள்ளுகின்றது என்பதை அது காட்டும். நலமுள்ள இருதயம் பாதிக்கு மேல் தள்ளும். அடிபட்டு அயர்ந்த தசை சில வாரங்களில் மீள்வதும் உண்டாகையால், அளவை மீண்டும் பார்த்தல் அவசியம்.

முன்னறிவதன் பயன் அச்சமன்று, காப்பு. மூச்சு முட்டுவதற்கும் கால் வீங்குவதற்கும் முன்னரே, இருதயத்தின் சுமையைத் தணிக்கும் மருந்துகளைத் தொடங்கலாம். ஆகவே, நோயாளி எழுந்து நடமாடுகின்றார் என்பதற்காக மருந்தை நிறுத்துவதும், குறித்த தவணைக்கு வைத்தியரிடம் செல்லாதிருப்பதும் தகாதன. முகத்தில் தெளிவு தோன்றிய பின்னரும், உள்ளே இருதயம் தனியே போராடிக்கொண்டிருத்தல் கூடும். அதனை அறிந்து துணை நிற்பது இல்லத்தார் கடனாகும்.