கம்பி வீட்டுக்கு வந்ததா, வீடு கம்பிக்குப் போனதா?

எங்க தெருவில் மாடி கட்டும் ஒருவர், "எதுக்கு சார் கரண்ட் கம்பியை என் பால்கனி பக்கமா இழுத்தாங்க?" என்று கேட்டார். பதில் தெரியலை. தேடிப் படித்தேன்.

துணை மின்நிலையத்திலிருந்து 11,000 வோல்ட்டில் கிளம்பும் மின்சாரம், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் இறங்கி, வீட்டுக்கு சுமார் 230 வோல்ட்டாக வருகிறது. வோல்டேஜ் குறைந்தால் அதே மின்திறனுக்கு அதிக ஆம்பியர் ஓடணும். கம்பி நீள நீள இழப்பும் கூடும். கடைசி வீட்டு பல்பு மங்கும். அதனால் டிரான்ஸ்ஃபார்மரை வீடுகள் நெருங்கியிருக்கும் பகுதிக்கு நடுவில் வைக்கப் பார்ப்பார்கள்.

அங்கிருந்து குறுக்கே இழுத்தால் கம்பி மிச்சம்தான். ஆனால் அடுத்தவர் மனைமேல் போனால் தகராறு வரும். பழுது பார்க்க உள்ளே போகவும் முடியாது. எனவே பொதுச் சாலையோரமே வசதி.

பிறகு இடைவெளி விதி. இந்தியாவில், தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர் உயரத்தில் இருக்கணும். 11 கேவி கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர் விடணும். கம்பி போடும்போது அவ்வளவு இடம் இருந்திருக்கும். நாம் மாடியை நீட்டும்போதுதான் அது சுருங்குகிறது. கம்பியைத் தள்ளிப்போட மனு கொடுக்கலாம். செலவு பெரும்பாலும் கேட்பவர் தலையில்தான்.

நண்பர் டேப்போடு அளக்கக் கிளம்பினார். தடுத்துவிட்டேன். இரும்பு டேப்பை அங்கே நீட்டவே கூடாது. முதலில் மின்வாரிய ஆளைக் கூப்பிடுங்க. சென்ட்ரிங் அடிப்பது அப்புறம்.