ரத்தப் பாதை: வலிக்கும் வரை நடக்கலாமா?

இதயத் தமனிகளில் கொழுப்பு படிவதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே படிவு இடுப்புக்குக் கீழே உள்ள தமனிகளிலும் சேரும். உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. கடைத்தெருவில் இருநூறு மீட்டர் நடந்ததும் ஆடுசதை இறுகிக் கடுக்கும். நின்றால் இரண்டு மூன்று நிமிடங்களில் விட்டுவிடும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். ஓய்விலிருக்கும் தசைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். நடக்கும் தசைக்குப் பல மடங்கு வேண்டும். சுருங்கிய தமனியால் அந்தக் கூடுதலைத் தர முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் ‘வயசாகிவிட்டது’, ‘வாதம்’, ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஏதாவது ஒரு பெயர் வைத்துவிட்டு, வலி வராத அளவுக்கு நடையைச் சுருக்கிக்கொள்வதே நம்மில் பலரின் வழக்கம். தெருமுனை வரை போனவர் வாசலோடு நின்றுவிடுகிறார். வலி குறைந்ததுபோலத் தோன்றும். உண்மையில் குறைந்தது நடை மட்டுமே. இந்த நோய்க்கு நடையைக் குறைப்பது தவறான மருந்து, வலியைத் தொடும் வரை நடப்பதுதான் சரியான மருந்து என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது.

அதற்கு முன், இது தமனி வலிதானா என்று உறுதி செய்ய வேண்டும். முதுகுத் தண்டுவடப் பாதை குறுகியவருக்கும் நடந்தால் கால் வலிக்கும். ஆனால் அவருக்கு வெறுமனே நின்றால் போதாது. உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும். மூட்டுத் தேய்மானம் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே வலிக்கும். சுருள் சிரை நோயில் நின்றுகொண்டே இருந்தால் கால் கனக்கும். தூக்கி வைத்தால் இதமாகும். இப்படிக் கேட்டறிந்த பிறகு செய்ய வேண்டிய சோதனை மிக எளிது. நோயாளியைச் சிறிது நேரம் படுக்கவைத்து, கணுக்காலுக்கு மேல் பிரஷர் பட்டையைச் சுற்றி, பேனா போன்ற டாப்ளர் கருவியை உள் கணுவின் பின்புறம் வைப்பார்கள். ‘உஸ், உஸ்’ என்று ரத்த ஓட்டம் கேட்கும். பட்டையில் காற்றை ஏற்றினால் சத்தம் நிற்கும். இறக்கும்போது எந்த அளவில் திரும்புகிறதோ அதுவே கணுக்காலின் அழுத்தம். அதைக் கையின் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். கையில் 140, காலில் 98 என்றால் விகிதம் 0.70. விகிதம் 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கால் தமனியில் அடைப்பு உண்டு. 1.40-ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம்: சர்க்கரை நோயிலும் சிறுநீரக நோயிலும் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, பட்டையால் அமுக்க முடியாமல் போனதன் அடையாளம் அது. அவர்களுக்குக் கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். நரம்பு மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமலும் அடைப்பு இருக்கலாம். அதனால் வலி வரட்டும் என்று அவர் காத்திருக்கக் கூடாது.

இனி நடைக்கு வருவோம். அமெரிக்காவில் இந்த நோயுள்ள 305 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2021-இல் வெளியானது. ஒரு பிரிவினர் கால் வலி வரும் வேகத்தில் நடந்தார்கள். இன்னொரு பிரிவினர் வலி வராத நிதானத்தில் நடந்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு நடைப் பயிற்சியே இல்லை. 12 மாதங்கள் கழித்து, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்தார்கள். வலியோடு நடந்தவர்கள் சராசரியாக 34 மீட்டருக்குமேல் முன்னேறியிருந்தார்கள். வலியைத் தவிர்த்து நடந்தவர்களுக்கு, நடைப் பயிற்சி இல்லாதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க பலன் ஏதும் இல்லை. நடந்தார்களா என்பதைவிட எப்படி நடந்தார்கள் என்பதே முடிவைத் தீர்மானித்தது.

ரத்தம் போதாமல் கதறும் தசையை மேலும் வருத்தினால் அது செத்துவிடாதா என்று கேட்கலாம். நெஞ்சுவலியோடு நடக்காதே என்று சொல்லிக் கேட்டவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் நின்றால் மறையும் ஆடுசதை வலி, தசை சாவதன் அறிகுறி அல்ல. தேவைக்கும் வரவுக்கும் இடையே தற்காலிகமாக ஏற்படும் பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறை திரும்பத் திரும்ப ஏற்படும்போது, கிடைக்கும் ஆக்ஸிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தசை பழகுகிறது. ரத்தக்குழாயின் உட்சுவரும் விரிந்துகொடுக்கத் தொடங்குகிறது. கணுக்கால் விகிதம் பெரும்பாலும் மாறுவதில்லை, நடக்கும் தூரம் மட்டும் கூடுகிறது. அடைப்பு அப்படியே இருக்க, கால் தேறிக்கொள்கிறது.

அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்தால் ஒரே நாளில் முடிகிற காரியத்துக்கு மாதக்கணக்கில் நடப்பானேன் என்பது அடுத்த கேள்வி. வயிற்றுப் பெருந்தமனி, இடுப்புத் தமனி அடைப்புள்ளவர்களிடம் இரண்டு வழிகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2012-இல் வந்தது. ஆறு மாத முடிவில் டிரெட்மில்லில் நடக்க முடிந்த நேரம், மேற்பார்வையோடு நடந்தவர்களுக்கு சராசரியாக 5.8 நிமிடம் கூடியிருந்தது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 3.7 நிமிடம். வாழ்க்கைத் தரம் பற்றி அவர்களே சொன்ன மதிப்பீட்டில் ஸ்டென்ட் முந்தியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தால் நடை மட்டும் பழகுவதைவிடப் பலன் கூடுதல் என்று 2015-இல் நெதர்லாந்து ஆய்வொன்று காட்டியது. ஆகவே ஸ்டென்ட் வேண்டாம் என்பதல்ல வாதம். நடையை முயன்று பார்க்காமல் அதற்குத் தாவக் கூடாது, வைத்த பிறகும் நடையை விடக் கூடாது.

‘நடக்கத்தானே சொன்னேன், யார் கேட்கிறார்கள்?’ என்பது மருத்துவர்களின் ஆதங்கம். நியாயம்தான். ஆனால் போகிற போக்கில் ‘தினமும் நடங்க’ என்பது சிகிச்சை ஆகாது. மாத்திரைக்கு எழுதுவதுபோல அளவு எழுத வேண்டும்: வாரம் மூன்று நாளாவது, ஓய்வு நேரமும் சேர்த்து 30 முதல் 60 நிமிடம், வலி நடுத்தரமாகும் வரை நடை, முழுதும் விடும் வரை நிற்றல், மறுபடி நடை, குறைந்தது 12 வாரம். தொடங்கும் முன் இதயத்தைச் சோதிப்பதும் அவசியம், ஏனென்றால் இந்த நோயாளிகளின் உயிருக்குக் காலைவிட மாரடைப்பும் பக்கவாதமுமே பெரிய ஆபத்து. புகையை அறவே விடுவதும், ஸ்டாட்டினும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் அதற்காகத்தான். சிலோஸ்டசோல் என்ற மாத்திரை நடை தூரத்தைக் கூட்டும். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் அதைத் தொடக் கூடாது. ஓய்விலும் பாதம் வலித்து, இரவில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் இதம் என்றாலோ, விரலில் ஆறாத புண் வந்தாலோ நடைச் சிகிச்சையின் காலம் கடந்துவிட்டது. உடனே ரத்தநாள அறுவை நிபுணரிடம் போக வேண்டும். கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டால் சில மணி நேரமே அவகாசம். அந்தக் கட்டத்துக்கு வராதவர்கள் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, கணுக்கால் அழுத்தத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். நடக்கச் சொன்னால் எத்தனை நிமிடம், வாரம் எத்தனை நாள் என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

(தொடரும்)