மரங்கொத்தியும் பட்ட மரமும்

தோப்பில் மரங்கொத்தி தட்டும் ஓசை கேட்டவுடன், மரத்துக்குக் கேடு வந்துவிட்டதென்று எண்ணிக் கல்லெறிந்து அதை விரட்டும் குடியானவர் பலர் உளர். அப்பட்சியே மரத்தைத் துளைத்து நாசமாக்குகிறது என்பது அவர்களுடைய அபிப்பிராயம். ஆனால் அது விடாமல் கொத்தும் இடத்தை அருகிற் சென்று ஆராய்ந்தால், பெரும்பாலும் புழுவோ, எறும்போ, கறையானோ அங்கே முன்னரே குடிபுகுந்திருப்பது புலனாகும். நோயிருக்கும் இடத்தைக் காட்டுவதையே நோய்க்குக் காரணமென்று கொள்ளுதல் தகுமா என்பது நிலச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் ஆலோசிக்கத்தக்க விஷயமாகும்.

அங்க அடையாளம்

தாம்பரத்திலும், அதைச் சூழ்ந்த சேலையூர், மாடம்பாக்கம், வண்டலூர், நன்மங்கலம் முதலிய இடங்களிலும் சாதாரணமாகக் காணப்படுவது பொன்முதுகு மரங்கொத்தி. இதனைத் தச்சன்குருவி என்று சொல்வதும் உண்டு. நீளம் 10 முதல் 11 அங்குலம் வரை இருக்கும். முதுகு பொன் மஞ்சள் நிறம். வாலும் அதன் மேற்புறமும் கறுப்பு. வெண்மையான மார்பிலும் வயிற்றிலும் கறுத்த கோடுகள் உண்டு. ஆணுக்குத் தலையுச்சியும் கொண்டையும் சிவப்பு. பெண்ணுக்குக் கொண்டை மட்டும் சிவப்பு. முன்னந்தலை கறுப்பாய் வெண்புள்ளிகளோடு விளங்கும். குதிரை கனைத்தாற்போல உரக்கக் கத்திக்கொண்டு, அலையலையாய் ஏறியிறங்கிப் பறக்கும்.

மரத்தில் வேலை செய்வதற்கென்றே இதன் தேகம் அமைந்துள்ளது. கால்விரல்கள் முன்னும் பின்னுமாகப் பிரிந்து பட்டையைப் பற்றிக்கொள்ளும். விறைப்பான வாலிறகுகள் மரத்தில் ஊன்றி, மற்றொரு கால் போல உடலைத் தாங்கும். அலகு உளியை ஒத்தது. நாக்கோ மிக நீண்டது. அதன் அடிப்பகுதி மண்டையோட்டின் பின்புறமாகச் சுற்றிச் செல்கிறது. பசையும் முள்ளும் உள்ள அந்த நாக்கைத் துளைக்குள் செலுத்தி, உள்ளிருக்கும் புழுவை வெளியே இழுத்துவிடும்.

ஆகாரம்

எறும்பும், எறும்பின் முட்டை புழுக்களும், கறையானும், மரத்தைக் குடையும் வண்டுகளின் புழுக்களுமே இதன் முக்கிய ஆகாரம். சில சமயங்களில் பூவிலுள்ள தேனையும் பழத்தையும் உண்பதுண்டு. மாமரத்தின் தண்டைத் துளைக்கும் புழுவுக்குப் பட்டையின் மேல் மருந்து தெளிப்பதால் அதிகப் பயனில்லை. கொக்கி வளைத்த கம்பியைத் துளையில் விட்டுப் புழுவை எடுத்தல் வேண்டும் என்பது தோட்டக்காரர் அறிந்ததே. மரங்கொத்தி செய்யும் வேலையும் அதுவே. கூலி கேளாமல் ஆண்டு முழுதும் செய்கிறது. ஆனால் தோப்பிலுள்ள பூச்சிகள் அனைத்தையும் இஃதொன்றே ஒழித்துவிடும் என்று எதிர்பார்ப்பது பிசகு. பூச்சிகள் பெருகாதபடி தடுக்கும் பல உதவிகளுள் இதுவும் ஒன்று என்று கொள்வதே சரி.

பெரிய ஜாதிகளுக்கு நேர்ந்த கதி

மரங்கொத்திகளுள் பேருருவம் கொண்டவை பெருங்காட்டிலேயே வசிக்கும். நம் நாட்டில், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் வெள்ளை வயிற்றுக் கருமரங்கொத்தி ஏறக்குறைய ஒன்றரை அடி நீளமுள்ளது. அவ்வளவு பெரிய பட்சி பொந்து குடைவதற்குப் பருத்து முதிர்ந்த மரம் வேண்டும். ஆகையால் முதுமரம் குறைந்த காட்டில் அதற்கு இடமில்லை.

இதற்கு அமெரிக்காவில் நேர்ந்தது ஒரு திருஷ்டாந்தமாகும். அந்நாட்டின் தென்கிழக்கிலுள்ள சதுப்புக் காடுகளில், தந்தம் போன்ற வெண்ணிற அலகையுடைய ஒரு பெரிய மரங்கொத்தி வாழ்ந்தது. ஜேம்ஸ் டானர் என்பவர் 1937 முதல் 1939 வரை அதை ஆராய்ந்து, அண்மையில் பட்டுப்போன மரங்களின் பட்டைக்கடியில் உள்ள வண்டுப் புழுக்களே அதன் சிறந்த உணவென்று கண்டறிந்தார். அவர் ஆராய்ந்த லூயிசியானாக் காடு மரத்துக்காக வெட்டப்பட்டது. ஐயத்துக்கிடமின்றி எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி அப்பட்சி கடைசியாகக் காணப்பட்டது 1944-இல், அதே காட்டில்தான். அதைச் சுட்டுக் கொன்றதும் உண்டு. ஆயினும் முதுமரமும் பட்ட மரமும் இல்லாமற்போனதே அது அழிந்ததற்குப் பெருங்காரணம் என்பர்.

பொன்முதுகு மரங்கொத்திக்கு அவ்வளவு பெரிய காடு வேண்டுவதில்லை. தென்னந்தோப்பு, மாந்தோப்பு, ஏரிக்கரை, சாலையோர மரம் ஆகியவற்றைக் கொண்டே அது பிழைத்துவருகிறது. ஆயினும் பொந்து குடைவதற்கு உளுத்த கிளையோ, பட்ட தண்டோ அதற்கும் தேவையே.

பொந்தும் அதில் குடியேறுவோரும்

முட்டையிடும் காலம் பிப்ரவரி முதல் ஜூலை வரை. சாதாரணமாக மூன்று வெண்ணிற முட்டைகள் இடும். அவை ஏறக்குறைய 11 நாட்களில் பொரிக்கும். அதன்பின் சுமார் 20 நாட்களில் குஞ்சுகள் பறந்துவிடும். பின்னர் அப்பொந்து வீணாவதில்லை. தாமே மரத்தைக் குடைய வலிமையற்ற மைனா, குண்டுக்கரிச்சான் முதலியன அத்தகைய பொந்துகளில் குடியேறும். இவை வயலிலும் தோட்டத்திலும் பூச்சிகளைப் பொறுக்கித் தின்பவை. சோளக் கொல்லைக்குச் சேதம் விளைக்கும் கிளியும் பொந்தில் வசிப்பதே என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் பொருட்டு மற்றவற்றின் உதவியை இழப்பது லாபமாகாது.

தாம்பரத்து நிலைமை

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு மாற்றப்பட்டபோது, சேலையூர்க் காட்டின் ஒரு பகுதி அதற்குரிய இடமாயிற்று. சுமார் 365 ஏக்கர் பரப்புள்ள அவ்வளாகம் இன்றும் பட்சிகளுக்குப் புகலிடமாக இருக்கிறது. வண்டலூர், நன்மங்கலம் ஆகிய இடங்களில் ஒதுக்குக் காடுகள் உள்ளன. இவற்றுக்கு இடையே முன்பு தோப்பும் வயலுமாயிருந்த நிலத்தில் பெரும்பகுதி வீட்டுமனைகளாகிவிட்டது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வீசிய வர்தா புயலில் இப்பக்கத்து முதுமரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அவற்றுக்குப் பதிலாக நட்ட கன்றுகள், மரங்கொத்தி குடையத்தக்க பருமன் அடைய அநேக ஆண்டுகள் செல்லும். ஆகவே படப்பை, மண்ணிவாக்கம் முதலிய கிராமங்களில் எஞ்சியுள்ள தோப்புகளும், ஏரிக்கரை மரங்களும் முன்னிலும் மதிப்புடையவை.

செய்யத்தக்கவை

1. உயிருள்ள தென்னையை மரங்கொத்தி ஒரே இடத்தில் பலநாள் கொத்தினால், அதை விரட்டுமுன் தண்டைப் பரிசோதித்தல் வேண்டும். துளைகளும், அவற்றினின்று பழுப்பு நீர் வடிதலும், மென்ற நார் வெளிவருதலும் காணப்பட்டால் சிவப்புக் கூன்வண்டு தாக்கியிருக்கிறது என்று அறிந்து, உடனே பரிகாரம் தேட வேண்டும்.

2. தென்னந்தோப்பிலும் அதன் அருகிலும் பட்ட தென்னையையும் பனையையும் நிற்க விடலாகாது. கூன்வண்டும் காண்டாமிருக வண்டும் அவற்றில் பெருகும். அவற்றை வெட்டி அப்புறப்படுத்தி எரித்துவிடுவதே முறை. இவ்விஷயத்தில் மரங்கொத்தியின் பொருட்டுத் தயக்கம் வேண்டாம்.

3. தென்னந்தோப்புக்குத் தூரமாக, ஏரிக்கரையிலோ வரப்பிலோ வேலியோரத்திலோ நிற்கும் வேம்பு, மா, ஒதியன் போன்றவை பட்டுப்போனால், வழிப்போக்கர் மீதோ, வீட்டின் மீதோ, மின்கம்பியின் மீதோ விழும் அபாயம் இல்லையெனில், ஒன்றிரண்டை விட்டுவைக்கலாம். முழு மரத்தையும் விட இயலாவிடில், கிளைகளைக் கழித்துத் தண்டையேனும் நிறுத்தலாம்.

4. பொந்துள்ள மரத்தை வெட்ட நேர்ந்தால் பிப்ரவரி முதல் ஜூலை வரையிலான மாதங்களைத் தவிர்ப்பது நலம்.

5. புறம்போக்கிலுள்ள பட்ட மரங்களை ஏலத்துக்கென்று குறிக்கும் கிராம அதிகாரிகள், ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து, பொந்துள்ளதைத் தனியே குறித்து, மேலதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவருதல் நன்று. பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென்று 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டதை அவர்கள் கிராமத்தாருக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

பட்ட மரம் விறகுக்குத் தவிர வேறெதற்கும் ஆகாது என்பது பொதுவான எண்ணம். அதை விற்றால் கிடைக்கும் பணம் ஒரு முறையே கைக்கு வரும். அது நின்றால் அதில் தங்கும் பட்சிகளின் உழைப்பு ஆண்டுதோறும் தோப்புக்கும் வயலுக்கும் கிடைக்கும். ஆதலால் கோடரி எடுக்குமுன், காலை வேளையில் சற்று நேரம் அம்மரத்தின் அடியில் நின்று மேலே பொந்து உண்டா, அதில் பட்சி வந்து போகிறதா என்று பார்த்துவிடுதல் விவேகமுள்ள குடியானவருக்கு அழகாகும்.