எல்லை தாண்டி வாங்கும் பழைய கார்: பிறகு யாரைக் கேட்பது?

மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆட்களுக்குப் பாலக்காட்டைவிடப் பொள்ளாச்சி பக்கம். குமுளிக்காரருக்குக் கம்பமும் தேனியும் அப்படியே. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற பாதையிலேயே செகண்ட் ஹேண்ட் காரும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. டிஎன் 41 நம்பர் கேஎல் 70 ஆவதில்தான் சிக்கல்.

விற்பவர்கள் நாலு வகை. கம்பெனி டீலர் நடத்தும் பழைய கார் ஷோரூம், சொந்த யார்டு வைத்திருக்கும் வியாபாரி, போன் ஒன்றே கடையாக இருக்கும் புரோக்கர், நேரடி ஓனர். விலையைப் பார்த்துத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறோம். வண்டி மக்கர் செய்தால் யார் பதில் சொல்வார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஷோரூமில் விலை கூடுதல், ஆனால் பில்லும் வாரன்டியும் கிடைக்கும். அங்கே நிற்கும் எல்லா வண்டிக்கும் வாரன்டி உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் உண்டு. யார்டுக்காரரிடம் கேட்க வேண்டியது ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று. 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பழைய வண்டி வியாபாரிக்கு அது வேண்டும். ஓனர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததும் படிவம் 29சி வழியாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் வண்டிக்குப் பொறுப்பு வியாபாரிதான். பழைய காரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுபவர்களுக்கும் இதுவே கவசம். 2007-இல் வண்டியை விற்றுவிட்ட ஒருவர் பெயர் மாற்றாமல் விட்டார். கைமாறிக் கைமாறிப் போன அந்த வண்டி 2009-இல் விபத்துக்குள்ளானது. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

புரோக்கர் சொல்லும் வசனம் நமக்கு மனப்பாடம்: "பேப்பர் எல்லாம் கிளியர் சார், பேர் மட்டும் மாத்திக்கலாம்." கையில் வாங்குபவர் பெயர் எழுதாத 29, 30 படிவங்கள் இருக்கும். கையெழுத்து யாருடையதோ! 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத் துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் கார்களைப் பறிமுதல் செய்தபோது, பூட்டானிலிருந்து கடத்தி வந்து போலி ஆவணங்களால் பதிவு செய்யப்பட்டவை என்று குற்றம்சாட்டியது. கோவையை மையமாகக் கொண்ட கும்பல் பின்னணியில் இருந்ததாக அமலாக்கத் துறை சொன்னது. அவை சொகுசு வண்டிகள்தான், ஆனால் காரை இழந்து நிற்பது கடைசியாக வாங்கியவர் என்பது மாருதிக்கும் பொருந்தும்.

தெரிந்த ஓனரிடம் நேரடியாக வாங்குவதே நல்லது என்பது என் கட்சி. சர்வீஸ் கணக்கை அவரிடமே கேட்கலாம். ஆனால் அவர் வியாபாரி அல்ல என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கு இழுக்க முடியாது. எனவே டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். பைனான்ஸ் பாக்கி காட்டினால் வங்கியின் கடிதமும் படிவம் 35-ம் வராமல் பணம் நகரக் கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியாத அந்த அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கக்கூடும். 2018 வெள்ளத்தைப் பார்த்த இடுக்கிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு வண்டி என்றால் பழைய ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., அதாவது படிவம் 28, கட்டாயம். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் கேரளத்தில் வைத்திருந்தால் நம்பரும் மாற வேண்டும். கேரள வரி எவ்வளவு வரும் என்று பேரம் பேசும் முன்பே விசாரியுங்கள். அதைச் சேர்த்தால் 'சல்லிசு' வண்டி சல்லிசாக இருக்காது. இன்சூரன்ஸைப் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றாவிட்டால் சொந்த வண்டிச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். வியாபாரி முழு விலைக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. கேட்டால் கணக்குக் கேளுங்கள். அந்த வரி அவருடைய லாபத்தின் மீது மட்டும்தான்.

சொந்த உபயோகத்துக்கு வாங்கியவரை வியாபாரி ஏமாற்றினால், கடை தேனியில் இருந்தாலும் இடுக்கி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டம் வாங்குபவர் வசிக்கும் இடத்தை ஏற்கிறது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய வண்டிக்குக் கட்டணம் இல்லை. முதலில் 1915-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதியலாம். இதற்கெல்லாம் ஆதாரம் பில்லும் வங்கி வழியாகப் போன பணமும். ரொக்கமாகக் கொடுத்தால் இவ்வளவு குறைப்பேன் என்று சொல்லும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.