போலியோவுக்குப் பின் வரும் தளர்ச்சி

இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தையைத் தாக்கியதற்குப் பின், இந்தியாவில் இயற்கை வைரஸால் எவருக்கும் வரவில்லை. 2014 மார்ச் 27 அன்று இந்தியாவும் அடங்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. ஆனால் 1970களிலும் 80களிலும் குழந்தைப் பருவத்தில் அந்நோய்க்கு ஆளானவர்கள் இன்று நாற்பதையும் ஐம்பதையும் எட்டி, குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பில் இருக்கிறார்கள். பல்லாண்டுகள் மாறாதிருந்த அவர்களின் உடல்நிலை மெல்லச் சரியத் தொடங்கும் காலமும் இதுவே. புதிய தசைப் பலவீனம், ஓய்வெடுத்தும் தீராத அசதி, மூட்டுவலி ஆகியவை சேர்ந்து வரும் இந்நிலை போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறித் தொகுதி எனப்படுகிறது; பிழைத்தவர்களில் நூற்றுக்கு 25 முதல் 40 பேருக்கு இது வரலாம் என மதிப்பிடுகிறார்கள். இது பிறருக்குத் தொற்றுவதில்லை.

நரம்பணுக்களின் நெடுநாள் சுமை

போலியோ வைரஸ் தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணுக்களை, அதாவது தசைகளை அசையச் செய்யும் உயிரணுக்களை, அழிக்கிறது. எஞ்சிய அணுக்கள் புதுக் கிளைகள் விட்டு, தொடர்பிழந்த தசைநார்களையும் தம்முடன் இணைத்துக்கொண்டதால்தான் அன்று அக்குழந்தைகளால் மீண்டும் எழுந்து நடக்க முடிந்தது. பல மடங்கு வேலையைப் பல பத்தாண்டுகள் சுமந்த அக்கிளைகள் படிப்படியாக உதிர்வதே புதிய பலவீனத்துக்குக் காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். நல்ல கால் என்று நம்பப்பட்ட காலிலும் வெளித்தெரியாமல் அணுக்கள் அழிந்திருக்கக்கூடும் என்பதால் அதுவும் தளரலாம்.

கண்டறியும் முறை

இதை உறுதிசெய்யத் தனிப் பரிசோதனை எதுவும் இல்லை. நோய்க்குப் பின் குறைந்தது 15 ஆண்டுகள் உடல்நிலை சீராக இருந்ததா, புதிய பலவீனம் ஓராண்டுக்கு மேல் நீடிக்கிறதா என்று கேட்டறியும் மருத்துவர், தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, முதுகெலும்பில் நரம்பு அழுத்தம் போன்ற பிற காரணங்களை விலக்கிய பிறகே முடிவுக்கு வருகிறார்.

உழைப்பின் அளவு

இந்நிலையின் பெருங்கொடுமை, முன்பு காப்பாற்றிய பழக்கமே இப்போது கேடு செய்வதுதான். விழுந்தாலும் எழுந்து நட, வலித்தாலும் விடாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள், பலவீனம் கூடும்போதும் இன்னும் கடுமையாக உடற்பயிற்சி செய்கிறார்கள். குறைந்த அணுக்களைக் கொண்டு இயங்கும் தசை அதனால் மேலும் தேய்கிறது. முற்றிலும் படுத்துவிடுவதும் தீங்கே. களைப்பு வருமுன் நிறுத்தி, இடையிடையே ஓய்ந்து செய்யும் இலேசான பயிற்சி நன்மை தரும். மறுநாளும் வலியோ அசதியோ நீடித்தால் முந்தைய நாளின் உழைப்பு மிகுதி என்று கொள்ள வேண்டும். தொடையில் கையை ஊன்றி நடந்தே பழகியவர்கள் காலைத் தாங்கும் காலிபர் அணிவதையும், ஊன்றுகோலுடன் நடந்தவர்கள் நெடுந்தொலைவுக்குச் சக்கர நாற்காலியை நாடுவதையும் தோல்வியாக எண்ணுகிறார்கள். தோளும் முதுகும் முற்றாகப் பழுதாகுமுன் எடுக்கப்படும் அம்முடிவு தன்மானத்துக்கு இழுக்கன்று என்பதைக் குடும்பத்தாரும் உணர்ந்து பேச வேண்டும்.

மூச்சும் மயக்க மருந்தும்

மூச்சுத் தசைகள் தளர்ந்தவர்களுக்கு உறக்கத்தில் சுவாசம் போதாமல், காலையில் தலைவலியும் பகலில் தூக்கக் கிறக்கமும் வரலாம். விழுங்கும்போது புரையேறுவதும் கவனிக்கத்தக்கது. அறுவை சிகிச்சைக்கு முன் சிறுவயதில் போலியோ வந்ததை மயக்க மருந்து மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், ஏனெனில் இவர்களில் சிலர் அம்மருந்துகளிலிருந்து மெதுவாகவே மீள்கிறார்கள்.

துணை கிடைக்கும் இடங்கள்

1875ஆம் ஆண்டிலேயே பிரான்சில் பதிவான இந்நிலையை மருத்துவ உலகம் நெடுங்காலம் மறந்திருந்தது. போலியோவால் பாதிக்கப்பட்டவர்களுக்காக இதழ் நடத்திவந்த ஜினி லாரி முன்னின்று 1981இல் சிகாகோவில் கூட்டிய மாநாட்டுக்குப் பின்னரே அமெரிக்காவில் இதன்மீது கவனம் திரும்பியது. போலியோ நோயாளியையே பார்த்திராத இளம் மருத்துவர்கள் பெருகும் இக்காலத்தில், ஒத்த அனுபவமுடையவர்கள் ஒன்றுகூடிப் பேசுவது முன்னிலும் அவசியமாகிறது. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும், சென்னை கலைஞர் கருணாநிதி நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையமும் புனர்வாழ்வு மருத்துவத்தில் அனுபவம் உள்ளவை. உதவி உபகரணங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுப் பணியில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணிச்சூழலை நியாயமான அளவில் அமைத்துத் தரும்படி நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்துகிறது. ஆகவே பலவீனம் கூடியவர்கள் சிறுவயதில் பெற்ற சான்றிதழோடு நின்றுவிடாமல், தற்போதைய நிலையை மருத்துவரிடம் எழுத்தில் பெற்று, மாடிப்படி ஏறத் தேவையில்லாத இடத்தில் இருக்கையையோ இடைவேளை ஓய்வையோ அந்தச் சட்டத்தைச் சுட்டிக் கேட்கலாம்.