அச்சு ஒன்று, வார்ப்பு ஆயிரம்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை வார்க்கும் இடத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சினுள் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்சுவரை ஒட்டி மண் படிகிறது. வேண்டிய கனம் வந்ததும் எஞ்சிய கூழைத் தொட்டியிலேயே கவிழ்த்துவிடுகிறார்கள். பிசிறு நீக்கும்போது உதிரும் மண்ணும் தொட்டிக்கே திரும்புகிறது. அச்சோ, உலர்ந்து அடுத்த வார்ப்புக்குக் காத்திருக்கிறது.

இத்தகைய ஊர்களின் இல்லங்களிலிருந்து இன்று பிள்ளைகள் பலர் கணிப்பொறி வேலைக்குச் செல்கின்றனர். விடுமுறைக்கு வந்த மகனிடம், “உன் வேலைதான் என்னப்பா?” என்று ஒரு தாய் கேட்பதாக வைத்துக்கொள்வோம். “மேகத்தில் தரவு மையம் கட்டுகிறேன், அம்மா” என்கிறான் அவன். “செங்கல் இல்லாமல், கொத்தனார் இல்லாமல் கட்டடமா?” என்று தாய் திகைக்கிறார். அவன் வேலையை அவருக்கு விளக்க மேற்சொன்ன அச்சே போதும்.

மேகம் எங்கே இருக்கிறது?

இந்த மேகம் வானத்தில் இல்லை. சென்னையில் அம்பத்தூர், சிறுசேரி போன்ற இடங்களிலுள்ள பெருங்கட்டடங்களுக்குள், அடுக்கடுக்காக நின்று, இரவு பகல் ஓயாமல் இயங்கும் கணிப்பொறிகளே அது. முன்பு அலுவலகங்கள் தத்தமக்கென்று தனித்தனியே கணிப்பொறிகள் வாங்கின. அவற்றுள் பல பெரும்பாலான நேரம் வேலையின்றிக் கிடந்தன. இப்போது ஒரு பெரிய கணிப்பொறியின் ஆற்றலை மென்பொருளால் பல பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் தனிக் கணிப்பொறி போலவே வாடகைக்கு விடுகிறார்கள். அப்பங்குகளோடு, அவற்றை இணைக்கும் வலையமைப்பு, அந்நியரைத் தடுக்கும் காவல் அரண், செய்திகளைச் சேமிக்கும் இடம் ஆகியவற்றையும் சேர்த்தால் ஓர் அலுவலகத்திற்கு வேண்டிய தரவு மையம் அமைந்துவிடும். மகன் கட்டுவது இதைத்தான்.

எழுதி வைத்த அச்சு

தொடக்கத்தில் ஒருவர் திரையின் முன் அமர்ந்து இவற்றை ஒவ்வொன்றாகக் கையால் அமைத்தார். பத்து முறை அமைத்தால் பத்தும் பத்து விதமாக முடிந்தன. இக்குறையைத் தீர்க்க 2011-ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் ‘கிளவுட்ஃபார்மேஷன்’ என்னும் கருவியையும், 2014-இல் ஹாஷிகார்ப் நிறுவனம் ‘டெர்ராஃபார்ம்’ என்னும் கருவியையும் வெளியிட்டன. வேண்டியவற்றை ஒரு பட்டியலாக எழுதிக் கொடுத்தால், கருவி அதைப் படித்துத் தானே கட்டி முடிக்கும். அப்பட்டியலே அச்சு. டெர்ராஃபார்மிடம் ஒரே பட்டியலை மீண்டும் கொடுத்தாலும் அது இன்னொரு மையத்தைக் கட்டுவதில்லை. தான் முன்பு கட்டியதோடு ஒப்பிட்டு, குறைவதை மட்டும் நிரப்பும்.

ஆனால் அது தன் குறிப்பேட்டில் உள்ளவற்றை மட்டுமே தன்னுடையவை என்று அறியும். பிறர் முன்பே கட்டி வைத்ததை நாம் சொல்லாவிட்டால், ஏற்கெனவே இருப்பதையே மறுபடியும் கட்ட முனையும், வாடகையும் இரட்டிப்பாகும். ஒரே மனையில் மகனுக்குத் தனிக்குடித்தனம் வைக்கும்போது இரண்டாவது கிணறு வெட்டுவோமா? இருக்கும் கிணற்றைக் காட்டி, “இதிலேயே இறைத்துக்கொள்” என்போம் அல்லவா? அதுபோல, “இந்த வலையமைப்பு முன்பே உள்ளது, இதன் அடையாள எண்ணைக் கேட்டறிந்து பயன்படுத்து” என்று பட்டியலில் எழுத வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. குடித்தனம் காலி செய்பவர் தம் பாத்திரங்களை எடுத்துச் செல்லலாம். கிணற்றைத் தூர்த்துவிட்டுப் போகலாகாது. பொதுவான வலையமைப்பைத் தனக்கே உரியதென்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டால், அந்தப் பட்டியலை நீக்கும் நாளில் அதனை நம்பியிருந்த பிறருடைய வேலையும் நின்றுபோகும். எது தன்னுடையது, எது இரவல் என்பதைத் தெளிவாக எழுதுவதே இத்தொழிலின் முதல் ஒழுக்கம்.

நாட்டிற்கு என்ன பயன்?

நம் நடுவணரசு ‘மேகராஜ்’ என்ற திட்டத்திற்கான வழிகாட்டு ஆவணத்தை 2013-இல் வெளியிட்டது. 2014-இல் தேசிய மேகம் தொடங்கப்பட்டது. நடுவணரசும் மாநிலங்களும் முன்பே அமைத்திருந்த தரவு மையங்களை அடிப்படையாகக் கொள்வதும், ஒரு துறை செய்த மென்பொருளைப் பிற துறைகளும் எடுத்தாளச் செய்வதும் அதன் நோக்கங்கள்.

தேர்வு முடிவு வெளியாகும் காலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். இலட்சக்கணக்கான இல்லங்கள் ஒரே நேரத்தில் ஒரே கதவைத் தட்டுகின்றன. மறுநாள் அங்கே கூட்டமில்லை. அந்த ஒரு நாளுக்காக ஆண்டு முழுவதும் கணிப்பொறிகளை வாங்கி வைப்பது வீண். அச்சு ஆயத்தமாக இருந்தால் காலையில் வார்த்து, மாலையில் கூழைத் தொட்டிக்கே திருப்பிவிடலாம்.

இது பணத்தோடு முடிகிற செய்தியன்று. உலகத் தரவு மையங்கள் 2024-இல் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட் மின்சாரத்தைப் பயன்படுத்தின எனப் பன்னாட்டு எரிசக்தி முகமை மதிப்பிடுகிறது. உலக மின் நுகர்வில் இது சுமார் 1.5 விழுக்காடு. நெய்வேலியின் அண்டையில் வாழ்வோர்க்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறதென்று சொல்ல வேண்டியதில்லை. அதற்காக வயலும் வீடும் கொடுத்த குடும்பங்களை அவர்கள் அறிவார்கள். மறந்து விடப்பட்ட ஒரு கணிப்பொறி யாருக்கும் பயனின்றி ஓடும்போது, அதற்கும் எங்கோ ஒருவருடைய மண் விலையாகிறது.

கட்டடத்திலும் இவ்வழி நடக்கலாம். ஃபின்லாந்து நாட்டின் ஹமினா நகரில் மூடப்பட்ட காகித ஆலையைக் கூகுள் நிறுவனம் 2009-இல் வாங்கியது. 2011-இல் அது தரவு மையமாகத் திறக்கப்பட்டது. ஆலைக்குக் கடல்நீர் கொண்டுவந்த பழைய சுரங்கமே இன்று கணிப்பொறிகளைக் குளிர்விக்க உதவுகிறது.

அச்சும் தேயும்

பிளாஸ்டர் அச்சு பல வார்ப்புகளுக்குப் பின் முனை மழுங்கும். மூக்கு மழுங்கிய அச்சிலிருந்து வருவன எல்லாம் மூக்கு மழுங்கிய பொம்மைகளே. எழுதப்பட்ட அச்சும் அப்படியே. பூட்டப்படாத ஒரு கதவு அதில் இருந்தால், நூறு மையங்களிலும் அக்கதவு திறந்தே கிடக்கும். எனவே மறுபயன்பாடு என்பது பழையதைக் கண்மூடிப் படியெடுப்பதன்று. ஒவ்வொரு முறையும் சோதித்துத் திருத்துவதாகும்.

கையால் அமைத்தவரின் வேலையைக் கருவி எடுத்துக்கொள்ளும் என்பது மெய்தான். ஆயினும் அச்சுச் செய்பவரின் கண்ணுக்கும் பொறுப்புக்கும் ஈடு இல்லை. அதைக் கற்றுக்கொள்ள நம் பிள்ளைகள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சூளையில் வெந்த மண் மீண்டும் கூழாகாது. வேகாத மண்ணை மட்டுமே தொட்டிக்குத் திருப்ப முடியும். ஆகவே, புதிதாகக் கட்டுமுன் “இங்கே முன்பே என்ன இருக்கிறது?” என்று கேட்கும் பழக்கத்தைச் சிறு வயதிலேயே ஊட்டுவோம். அது வீட்டிற்கும் நல்லது, மேகத்திற்கும் நல்லது.